விட்டுப்போன 0

கேள்வி: முப்படிக் கோவையின் பூச்சியங்களை, அதாவது எக்ஸுக்குப் போட்டால் கோவையை 0 ஆக்கும் எண்களை, எப்படிப் பிடிப்பது? கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்க்கிறேன்.

பதில்: போட்டுத்தான் பார்க்க வேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு. கெழுக்கள், அதாவது எக்ஸ் கனம், எக்ஸ் வர்க்கம், எக்ஸ் ஆகியவற்றைப் பெருக்கும் எண்களும் கடைசியில் தனியாக நிற்கும் எண்ணும், வரிசையாக 4, 0, −7, −3 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் முழு எண்கள் என்பதால், விகிதமுறு பூச்சியம் ஏதாவது இருந்தால் அதன் தொகுதி கடைசி 3-ஐ வகுக்கும், பகுதி முதல் 4-ஐ வகுக்கும். அதாவது 1, 3, 1/2, 3/2, 1/4, 3/4. மைனஸையும் சேர்த்தால் மொத்தம் 12. இப்போது 1 போட்டால் −6, 2 போட்டால் 15. குறி மாறுகிறது, ஆக நடுவில் எங்கோ 0-வைக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியில் நம் பட்டியலில் இருப்பது 3/2 மட்டும். போடுங்கள், 0 வரும். 3/2-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் எழுதி வகுக்கும் குறுக்குவழி) செய்தால் 4, 6, 2 கிடைக்கும். அது வெறும் இருபடி; −1, −1/2 என்று முடிந்துவிடும்.

அப்புறம், இரண்டாவதாக நிற்கும் 0-வைக் கவனித்தீர்களா? இருபடி உறுப்புதான் இல்லையே என்று 4, −7, −3 என எழுதி −1-ஐ வைத்து வகுத்தால் மீதி 8 வரும். நல்ல பூச்சியத்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

கேள்வி: பூச்சியமும் மூலமும் ஒன்றா?

பதில்: கோவைக்குப் பூச்சியம், சமன்பாட்டுக்கு மூலம். எண் அதேதான்.

கேள்வி: எக்ஸ் கனம் கழித்தல் 8. இதை 2-ஐ வைத்து வகுத்தால் மீதி −6 வருகிறதே?

பதில்: 1, −8 என்று எழுதியிருக்கிறீர்கள். 1, 0, 0, −8. மேலே சொன்னேன்.

கேள்வி: ஐந்தாம் படிக்குச் சூத்திரமே இல்லையாம். அப்போது பூச்சியமும் கிடையாதா?

பதில்: அது வேறு, இது வேறு. நாலாம் படி வரைக்குமான சூத்திரங்களை 1545-இலேயே இத்தாலியக் கணிதர் கார்டானோ அச்சிட்டுவிட்டார். ஐந்தாம் படிக்கு, நாற்செயல்களையும் வேர்க்குறிகளையும் மட்டும் கொண்ட பொதுச் சூத்திரம் சாத்தியமில்லை என்று 1824-இல் நார்வே கணிதர் ஆபெல் நிறுவினார். பூச்சியம் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை.

கேள்வி (அவரே): 1, 0, 0, 0, 0, −32-க்கு 2 என்று ஒரு நொடியில் சொல்வேன். ஆபெல் தவறா?

பதில்: 0-க்களை எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘பொது’ என்ற சொல்லை விழுங்கிவிட்டீர்கள். 1, 0, 0, 0, −1, −1 எடுத்துப் பாருங்கள். 1-இல் −1, 2-இல் 29. நடுவில், ஏறக்குறைய 1.167-இல், பூச்சியம் இருக்கிறது. வேர்க்குறியால் அதை எழுத முடியாது, அவ்வளவுதான். இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கி எத்தனை தசம இடம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (மறுபடியும் அவரே): சரி, என் கோவைக்கு மற்ற 4 பூச்சியங்கள் எங்கே?

பதில்: கலப்பெண்களில் (−1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களில்), இணை இணையாக.

கேள்வி: நாலாம் படிக் கோவை, கெழுக்கள் 1, −5, 4. பூச்சியங்களில் 1 சரியாக வகுக்கிறது, 2 மட்டும் மீதி வைக்கிறது. ஏன்?

பதில்: 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1, அதனால் தப்பித்தீர்கள். நாலாம் படிக்கு 5 கெழுக்கள். எண்ணிப் பாருங்கள்.