வெள்ளம் வண்டலைக் கொண்டுவருகிறதே, பிறகு அது உலக உணவுப் பாதுகாப்பை எப்படிக் குலைக்கிறது?

பருவம் தவறாமல் வந்து, வண்டலைப் படியவிட்டு வடிந்துபோகும் வெள்ளம் நிலத்துக்கு நன்மை செய்வது உண்மைதான். ஆனால் காலநிலை மாற்றம் பெருக்குவது அந்த வகை வெள்ளத்தை அன்று. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுவதால், ஆண்டின் மொத்த மழையளவு பெரிதாக மாறாத இடங்களில்கூட, குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் கனமழை கூடுகிறது.

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் மக்காச்சோளம் போன்ற பயிர்கள் சில நாட்களிலேயே அழுகத் தொடங்குகின்றன. நெல்லும் தண்ணீரில் நிற்கப் பழகியதே தவிர, முழுவதும் மூழ்கிக் கிடக்கப் பழகியதன்று. இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் சுவர்ணா சப்-1 போன்ற ரகங்கள் விதிவிலக்கு.

அழிந்த பயிரை மட்டும் கணக்கிடுவது போதாது. 2019-இல் அமெரிக்காவில் 1.9 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், பெரும்பாலும் மிகை ஈரத்தாலும் வெள்ளத்தாலும், விதைப்பே நடைபெறவில்லை. 2022-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நெல்லும் பருத்தியும் மட்டுமன்றி, கால்நடைகளும் வீடுகளில் சேமித்திருந்த தானியமும் போயின. வயல்களில் நீர் வடியத் தாமதமானதால் அடுத்த கோதுமைப் பருவமும் பாதிக்கப்பட்டது.

தானிய ஏற்றுமதி சில நாடுகளின் கையிலேயே குவிந்திருப்பதால், அவற்றில் ஒன்றில் விளைச்சல் குறைந்து ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டாலும், வெள்ளத்தையே காணாத இறக்குமதி நாடுகளில் விலை ஏறுகிறது. என் பார்வையில் உற்பத்தி இழப்பைவிட இந்த விலையேற்றமே கொடியது. வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பங்கள் முதலில் பருப்பையும் காய்கறியையும் பாலையும் குறைத்துக்கொள்கின்றன.