‘உருகுமுன் பாருங்கள்’

கேள்வி: அந்தாட்டிக்கா கப்பல் பயண விளம்பரமொன்றில், ‘உருகுமுன் பாருங்கள், பூமியின் தூதுவராகத் திரும்புங்கள்’ என்றிருந்தது. போய்வந்தால் சுற்றுச்சூழல் அக்கறை கூடுமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: திரும்பிய கையோடு கூடலாம், நிலைக்குமா என்பது வேறு. ‘உருகுமுன்’ என்ற அவசரம்தான் அங்கே விற்பனைப் பொருள். கொழும்பிலிருந்து, கப்பல் புறப்படும் ஆர்ஜென்டீனத் துறைமுகமான உசுவாயா வரை பறக்கும் விமானப் புகையும் அந்த உருகலில் சேரும் என்பதை விளம்பரம் சொல்லாது. (நம் புறாமலைத் தீவுப் படகு விளம்பரங்களும் பவளப்பாறையை மிதித்தால் முறியும் என்று எங்கே எழுதுகின்றன?)

‘கனரக எண்ணெய் (தடித்த, அழுக்கான கப்பல் எரிபொருள்) எரிப்பதில்லை’ என்று பெருமை பேசினால் மயங்காதீர்கள். அந்தாட்டிக்கக் கடலில் 2011 ஓகஸ்ட் முதல் அதற்குத் தடை.

பயணிகள் தொகையைக் கேளுங்கள். அந்தாட்டிக்கச் சுற்றுலா நடத்துநர் சங்க (IAATO) விதிப்படி 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்காது. சிறிய கப்பலிலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான். பென்குவினுக்கு 5 மீற்றர் விலகி நிற்கவேண்டும். விளம்பரப் படத்தில் ஆள் ஒட்டிநின்றால் சந்தேகப்படுங்கள்.

வெளி விதையும் கிருமியும் அங்கே போய்ச்சேராதிருக்க, இறங்குமுன் சப்பாத்து அடிப்பள்ளங்களைச் சுரண்டி, கிருமிநாசினியில் தோய்ப்பார்கள். ஜக்கெற்றின் வெல்க்ரோ பட்டிகளையும் பாருங்கள், புல்விதை ஒளிவது அங்கேதான்.