வெல்த் என்றாலே பணம்தானா?

கேள்வி: 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில், ஒவ்வொருவனும் பிறனுடைய 'வெல்த்'தைத் தேடட்டும் என்று ஒரு வரி வருகிறது (1 கொரிந்தியர் 10:24). 'பிறன் செல்வத்தைத் தேடு' என்று மொழிபெயர்த்தால், அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்படச் சொல்வது போல இருக்கிறதே?

பதில்: அங்கே 'செல்வம்' போடாதீர்கள். அந்த வரியில் வெல்த் என்றால் நலம். பிறன் நன்றாக இருக்க வேண்டும் என்று பார், அவ்வளவுதான். கிரேக்க மூலத்தில் 'பிறனுடையதை' என்றுதான் இருக்கிறது. வெல்த் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்ட சொல். தமிழ் வேதாகமம் 'பிரயோஜனம்' என்று எழுதியது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்.

பழைய ஆங்கிலத்தில் 'வெல' என்றொரு சொல் இருந்தது. நல்வாழ்வு, வளம் இரண்டையும் அது குறித்தது. நன்றாக என்று பொருள்படும் 'வெல்' அதற்கு உறவு. ஹெல்த் என்ற சொல்லின் சாயலில் 'வெல'வின் கடைசியில் 'த்' ஒட்டிக்கொள்ள, இடைக்கால ஆங்கிலத்தில் வெல்த் பிறந்தது. அப்போதே அதற்குப் பணம் என்ற பொருளும் உண்டு. பிற்காலத்தில் நலம் மங்கி, பணம் மட்டும் நின்றுவிட்டது. 1776-இல் ஆடம் ஸ்மித் நாடுகளின் செல்வம் பற்றி எழுதியபோது அவர் பேசியது பொருளாதார வளத்தைத்தான்.

பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் காமன்வெல்த். பொதுச்சொத்து என்று அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது, அது பொதுநலம். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய 1649-இல், இனி மன்னர் இல்லை, இது எல்லோருக்குமான அரசு என்று சொல்ல இங்கிலாந்துப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்ட பெயர் அது. இலங்கைத் தமிழில் 'பொதுநலவாயம்' என்கிறார்கள். சொல்லின் வேரைத் தொட்ட ஆக்கம். தமிழ்நாட்டு நாளிதழ்களும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய நூலில் வெல்த் வந்தால் முதலில் 'நலம்' போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் 'வளம்', அப்புறம்தான் 'செல்வம்'. மன்னருக்கான பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபத்தில் அவர் ஹெல்த்தோடும் வெல்த்தோடும் நீடு வாழ வேண்டும் என்று வரும். அதை 'உடல்நலமும் பணமும்' என்று எழுதினால் ஜெபம் கெட்டுவிடும். 'சுகமும் வாழ்வும்' என்றால் கோயிலில் வாய்விட்டுச் சொல்லவும் நன்றாக இருக்கும்.