ஜெபத்தில் ஒன்றுமே உணராமல் கடவுளுக்காக ஏங்குவது விசுவாசக் குறைவா?

ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது, ஆனாலும் கடவுள் வேண்டும் என்கிற தவிப்பு மட்டும் போகவில்லை, இது விசுவாசக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் ஏற்கெனவே "ஆமாம், குறைவுதான்" என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி வராது. எனக்கும் சொன்னார்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை, எலக்ட்ரீஷியன். வசனத்துக்குத் தப்பான விளக்கம் என்று வருகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

2005 முதல் 2011 வரை சவூதியில், ஜுபைலில் வேலை பார்த்தேன். அந்த நாட்டில் தேவாலயம் கிடையாது, வெளிப்படையாகக் கூடி ஆராதிக்கவும் முடியாது. நான் திருநெல்வேலிப் பக்கம், கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்). சவூதியில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபிள் இழுத்துக்கொண்டே ஊர் நேரத்தைக் கணக்குப் பார்ப்பேன். இங்கே ஆறரை என்றால் அங்கே ஒன்பது, இப்போது முதல் பாட்டு முடிந்திருக்கும், இப்போது ஐயர் (எங்கள் போதகர்) பிரசங்கத்துக்கு ஏறியிருப்பார், இப்போது காணிக்கைப் பை நம் வரிசைக்கு வந்திருக்கும். பல நாள் கண் நிறைந்துவிடும்.

கிளம்பும்போது அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் வேதாகமத்தின் பாட்டுகளில் சங்கீதம் 42-ஐயும் 43-ஐயும் நீல மையில் எழுதிக் கொடுத்திருந்தாள். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று ஆரம்பிக்குமே, அதுதான். எருசலேமுக்குப் போக முடியாமல் தூரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவன் பாடுவது. முன்னே பண்டிகைக் கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்ததை நினைத்து நினைத்து அழுகிறான். கேம்ப் அறையில் கட்டில் மேலே உட்கார்ந்து அதைப் படிக்கும்போது, இது எனக்காகவே எழுதினது என்று தோன்றும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆறு வருடத்தில் கடவுள் பக்கத்தில் இருந்த மாதிரி அப்புறம் எப்போதும் இருந்ததில்லை.

2011 டிசம்பரில் ஊரோடு வந்துவிட்டேன். கோயில் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. முதல் ஞாயிறு, நான் கணக்குப் பார்த்த அதே பாட்டு, அதே காணிக்கைப் பை, அதே வரிசை. ஒன்றுமே இல்லை. உள்ளே காய்ந்துபோய்க் கிடந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். அது வருடக்கணக்கில் நீண்டது. உபவாசம் இருந்து பார்த்தேன், ராத்திரி ஜெபத்துக்குப் போய்ப் பார்த்தேன், திருவிருந்து எடுத்துவிட்டு வரும்போதுகூட வெறுமையாகவே வருவேன்.

2014-ல் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்த வீட்டில் விசுவாசம் இருந்திருந்தால் இதற்குள் எழுந்திருப்பார்களே, அறிக்கையிடாத பாவம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே ஆட்கள்தான் சபைத் தேர்தல் வந்தால் அணி பிரிந்து, வீடு வீடாக ஆள் பிடித்து, தோற்றால் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குப் போக வேண்டிய காணிக்கைப் பணம் வக்கீல் ஃபீஸாகப் போகிறது. அதற்கு யாரும் அறிக்கையிடுவதில்லை. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை. பொதுவாக ஊழியக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒத்தாசை செய்த உபதேசியாரும் எங்கள் சபைதான்.

அந்த வாரம்தான் நோட்டைத் திரும்ப எடுத்தேன். பாடுகிறவனையும் மற்றவர்கள் "உன் தேவன் எங்கே" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். அவன் இருக்கும் இடமும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. யோர்தான் தேசம், எர்மோன் மலை. யோர்தானின் ஊற்றுகள் இருக்கிற பக்கம் அது, மதகு இரைச்சலும் அலையும் அந்தப் பாட்டிலேயே வருகிறது. அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டுதான் தாகம் என்கிறான். "ஏன் கலங்குகிறாய், ஏன் எனக்குள் தியங்குகிறாய்" என்று இரண்டு சங்கீதத்திலும் சேர்த்து மூன்று முறை தன்னையே கேட்டுக்கொள்கிறான். பாட்டு முடிகிறபோதும் அவன் ஊர் போய்ச் சேரவில்லை. அவனை விசுவாசம் இல்லாதவன் என்று வேதாகமம் எங்கேயும் சொல்லவில்லை, அவன் கதறலை அப்படியே பாட்டாக வைத்திருக்கிறது.

அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-ல், அவர் எழுதிய கடிதங்கள் வெளியாயின. கல்கத்தாவில் ஏழைகளுக்காக வேலை ஆரம்பித்த காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம், உள்ளே இருட்டாகவே இருந்தது என்று அவற்றில் இருக்கிறது. கத்தோலிக்க உதாரணம் எதற்கு என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். ஏங்கிக்கொண்டே ஒரு ஆயுள் முழுக்க ஓடியவர், அதனால் சொல்கிறேன்.

ஏக்கம் எல்லாம் மூளை செய்கிற வேலை என்று உங்கள் கேள்விக்குப் பதிலாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், பசியும் உடம்பு செய்கிற வேலைதான், அதனால் சோறு பொய்யாகிவிடாது.

சின்ன வயதில் அம்மாவிடம் தியங்குகிறாய் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "சந்தையில அம்மை கைய விட்டுட்ட பிள்ளை முழிச்சிக்கிட்டு நிக்கும்லா, அதுதான்ல" என்றாள். யாரென்றே தெரியாத கைக்காக எந்தப் பிள்ளையும் அப்படி நிற்பதில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தப் பிள்ளைதான் ஞாபகம் வந்தது.

அம்மா அப்புறம் மூன்று வருடம் இருந்தாள். தினமும் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படிப்பேன். எனக்குள் பழையபடி எதுவும் திரும்பி வரவில்லை, இன்றுவரை. "நான் எப்பொழுது தேவனுடைய சந்நிதியில் வந்து நிற்பேன்" என்ற வரி வரும்போது மட்டும் அம்மாவின் இடது கை போர்வைக்கு வெளியே வந்து என் மணிக்கட்டைத் தேடும்.