எக்செல்லில் எட்டு மணி நேரம் ஏன் ‘குறைவு’ ஆகிறது?

கேள்வி: ஏ நெடுவரிசையில் வேலைக்கு வந்த நேரம், பி-யில் கிளம்பிய நேரம், இரண்டும் தேதியோடு இருக்கின்றன. எட்டு மணி நேரம் இருந்தால் ‘முழு நாள்’, இல்லையென்றால் ‘குறைவு’ என்று இஃப் ஃபார்முலா போட்டிருக்கிறேன். 9:00 முதல் 17:00 வரை சரியாக வருகிறது. 8:00 முதல் 16:00 வரை போட்டால் ‘குறைவு’ என்கிறது. மொத்தமும் உதைக்கிறது: 45 மணி நேரம் வரவேண்டிய இடத்தில் 21:00.

பதில்: முதல் சிக்கலுக்கு உங்கள் ஃபார்முலா காரணமில்லை, எக்செல் நேரத்தைச் சேமிக்கும் விதம்தான் காரணம். அதற்கு ஒரு நாள் என்பது 1. ஆறு மணி நேரம் 0.25, எட்டு மணி நேரம் 0.3333... என்று முடிவில்லாமல் போகும். கணினி அதை எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். தேதியும் கூட இருந்தால் வெட்டு இன்னும் முன்னாலேயே விழும். 1-1-2024 என்பது 45292. இந்த ஐந்து இலக்கத்துக்கு இடம் கொடுத்த பிறகு, தசமப் பகுதிக்கு மிஞ்சும் துல்லியம் குறைவு.

கழித்த விடையை எண் வடிவத்துக்கு மாற்றி, தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள். 8:00–16:00க்கு 0.333333333328 என்று வரும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு துளி கீழே. 9:00–17:00க்கு 0.333333333336, ஒரு துளி மேலே. அதனால்தான் 9:00–17:00 தேறுகிறது, 8:00–16:00 தேறவில்லை. முழு நிமிடமாக உள்ள நேரங்களில், 45 நிமிடத்தின் மடங்காக வருபவை மட்டும் பிசிறில்லாமல் சேமிக்கப்படும். 9:00, 18:00 அந்த வகை. அவற்றை வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

தீர்வு, முழு நிமிடங்களாக மாற்றி (ஒரு நாளுக்கு 1440, எட்டு மணி நேரத்துக்கு 480) ஒப்பிடுவது:

=இஃப்(ரவுண்ட்((பி2-ஏ2)*1440,0)>=480,"முழு நாள்","குறைவு")

(ஃபார்முலாவை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், எக்செல்லில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.) ரவுண்டுக்குப் பதில் இன்ட் போடாதீர்கள், 479.99-ஐ அது 479 ஆக்கிவிடும். காட்டும் துல்லியத்துக்கே மதிப்பை மாற்றச் சொல்லும் அமைப்பு ஒன்று எக்செல்லில் உண்டு. அது கோப்பில் உள்ள மூல எண்களையே நிரந்தரமாக மாற்றிவிடும். அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மொத்தம் 21:00 என்பது வெறும் காட்சிப் பிரச்சினை. 24ஐத் தாண்டியதும் முழு நாளைக் கழித்து மீதியை மட்டும் காட்டுகிறது. செல் வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், 45:00 தெரியும். சம்பளக் கணக்கு என்றால் மொத்தத்தை 24ஆல் பெருக்கிய பிறகே மணி விகிதத்தால் பெருக்க வேண்டும்.

வருகைப்பதிவுக் கருவியிலிருந்து இறக்கிய தரவா? அப்படியானால் இன்னொன்றும் பாருங்கள். செல்லில் இருப்பது நேரமாக இல்லாமல் உரையாக இருக்கலாம். கழித்தால் விடை வரும், ஆனால் சம் ஃபார்முலா அந்த உரைச் செல்லைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். செல்லில் இருப்பது எண்தானா என்று சொல்லும் இஸ்நம்பர் ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.