இன்ஜினியர் கம்பெனி அடுக்குக் கணக்கில் வருமா?

ஈரோட்டு நண்பருக்கு, பல்ஜ் சண்டை (ரெண்டாம் உலகப்போர்ல நடந்தது) பலகை விளையாட்டுல கட்டத்துக்கு மூணு காய்தான் அடுக்கலாம்னு வரம்பு, பாலத்தை உடைக்க வெச்ச இன்ஜினியர் கம்பெனி (ராணுவத்துச் சின்னப் படைப்பிரிவு) ஒரு இடத்தை அடைச்சுக்குது, நாலாவது காய் வைக்க எதிர்ல ஆடறவர் விடமாட்டீங்கறார்னு கேட்டிருந்தீங்க.

முதல்ல விதிப்புத்தகம் எண்ணறது காயையா, படையோட அளவுக்கேத்தபடி காய்க்குப் போட்ட புள்ளியையான்னு பாருங்க. புள்ளின்னா கம்பெனிக்குக் கொஞ்சந்தான் போகும், தகராறே இல்லீங்க. காய்க்கணக்குன்னா நூத்திச்சொச்சம் பேர் இருக்கற கம்பெனியும், அதைவிடப் பல மடங்கு பெரிய முழு ரெஜிமென்ட்டும் ஒண்ணாயிடுது. அதனாலயே பல விளையாட்டுகள்ல சின்னக் காய்க்கு விலக்கு உண்டு. அடுக்கு விதியில இல்லைன்னா காய் விளக்கப் பக்கத்துல பொடி எழுத்தையும் பாருங்க.

அங்கயும் இல்லைன்னா, உடுமலைல நாங்க ஆடறபடி பேசி வெச்சுக்குங்க: கட்டத்துக்கு ஒரு இன்ஜினியர் இலவசம், தாக்குபலத்துல சேராது, அடுக்கு அழிஞ்சா கூடவே போயிரும். ரெண்டாவதை எண்ணியே ஆகணும், இல்லைன்னா குவிச்சுப்போடுவாங்க. (ஆடிக்காத்துல நாலு காய் அடுக்கு நிக்காதுங்கறது வேற கதை.)

என்னைக் கேட்டா, அந்தப் பாலத்துக் கட்டத்துல காலாட்படையே வேண்டாமுங்க. 1944 டிசம்பர் 18-ல பெல்ஜியத்துல இருக்கற த்ருவா போன் ஊர்ல அமெரிக்காவோட 51-வது இன்ஜினியர் படாலியனோட ஒரு கம்பெனிதான் ஆம்ப்ளேவ் ஆத்துப் பாலத்தைத் தகர்த்து ஜெர்மன் தளபதி பைப்பரோட டாங்கிகளைச் சுத்துவழியில திருப்பிவிட்டது. உங்க ரெஜிமென்ட்டை அந்தச் சுத்துவழியில நிறுத்துங்க.