டாஷ்ஹண்ட் நாயை இணை சேர்க்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் பெண் நாய்க்கு ஒன்றரை வயது, இப்போதே இணை சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காரணம், அதன் முதுகு.

வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற வளை தோண்டி வாழும் விலங்கை வேட்டையாட ஜெர்மனியில் உருவாக்கிய இனம் இது. காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றங்களில் ஒன்று, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளையும் சிறு வயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. அவற்றில் சுண்ணாம்பு படியும். ஒருநாள் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். காலையில் ஓடிய நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கும். பார்க்கவே மனசு தாங்காது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு டாஷ்ஹண்டுக்கு இந்தச் சிக்கல் வருகிறது.

அந்த மரபணு இந்த இனத்தில் அநேகமாக எல்லா நாய்களிடமும் இருப்பதால் மரபணுச் சோதனையை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது. எக்ஸ்ரேதான் வழி. அதற்கு உங்கள் நாய்க்கு இரண்டு வயதாவது ஆக வேண்டும். டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் 24 முதல் 48 மாத வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க்குகளை எண்ணுகிறார்கள். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. இந்தப் படிவு பரம்பரையாக வருவது என்பதால் ஆண் நாய்க்கும் எக்ஸ்ரே கேளுங்கள். அதன் தாய் தகப்பனுக்கு முதுகுப் பிரச்சினை இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம் நிறம். திட்டுத்திட்டான டாப்பிள் நிற நாய்கள் இரண்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இந்த நிறத்தைத் தரும் மரபணு தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் இரட்டையாக வரும். அப்படிப்பட்ட குட்டி செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம். அழகுக்காக இதைச் செய்வது பெரிய கொடுமை.